பொங்கலுக்குக் காப்பு, தோரணம், மாக்கோலம்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

போகியன்று சாயங்காலம் எங்கள் அடுக்குமாடியில் வருடா வருடம் இந்தக் காட்சியைப் பார்க்கிறேன். ஒரு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து வாசலில் கோலம் போட்டு முடித்திருப்பார்கள். அப்புறம்தான் தோரணம் நினைவுக்கு வரும். நிலைவாசல் உயரத்துக்குக் கை எட்டாது. ஸ்டூலைக் கொண்டுவந்து எங்கே போடுவது? கோலத்தின் மேல்தான்.

கைப்பழக்கம் இல்லாமல் கெடுவதைவிட வரிசை மாறிக் கெடுவதுதான் அதிகம். நான் வைத்திருக்கும் கணக்கு இவ்வளவுதான்: வாடாத வேலை முதலில், வாடுகிற வேலை பிறகு, மேலே இருப்பது முதலில், தரை கடைசியில். இந்த இரண்டுக்கும் உட்பட்டுத்தான் கீழே உள்ள படிகள் எல்லாம் வருகின்றன. வீட்டு வாசலுக்கும் உள்ளே ஒரு கூடத்துக்கும் இரண்டு பேர் இருந்தால் போதும். கடையில் ரெடிமேடாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

1. முதலில் நேரக் கணக்கு

தை 1 சில வருடங்களில் சனவரி 14, சில வருடங்களில் 15. 2026இல் 15. அதற்கு முந்தைய நாள் போகி. தை 1 காலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

போகிக்கு முந்தைய நாள்: வாசலை அளப்பது, ஆணி அடிப்பது, கயிறு வெட்டுவது, புதுப் பானையைத் தண்ணீரில் போடுவது, காவிக்கட்டியை ஊறவைப்பது. இதில் எதுவும் வாடாது. ஒரு நாள் முன்னால் செய்வதால் நஷ்டமில்லை.

போகி காலை: ஒட்டடை, தரை கழுவுவது. மதியம் 3 மணிக்கு இலை, ஓலை, பூ. அதே நேரத்தில் அரிசியை ஊறப்போட வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். 4 மணிக்குக் காப்பு, அதாவது வாசலில் செருகும் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலைக் கொத்து, பிறகு தோரணங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு, உள்ளே கூடத்தில் அரைத்த அரிசி மாவால் மாக்கோலம்.

பொங்கல் காலைக்கு வெளிவாசல் பொடிக்கோலம், கரும்பு, பானைக்கு மஞ்சள் கொத்து, இவ்வளவுதான் மிச்சம் இருக்க வேண்டும். அன்று காலை அடுப்பு வேலையே தலைக்கு மேல் இருக்கும்.

நான் முதல் வருடம் தோரணத்தை இரண்டு நாள் முன்னதாகவே கட்டிவிட்டேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது. பொங்கலன்று காலையில் குருத்தோலை சுருண்டு, துவட்டிப் போட்ட துண்டு மாதிரி தொங்கியது.

2. கையில் இருக்க வேண்டியவை

சணல் கயிறு, கத்தரி, ஒரு ஊக்கு, அளவு நாடா, உறுதியான ஸ்டூல், இரண்டு பழைய பருத்தித் துணி, இரண்டு அகலக் கிண்ணம், சாக்பீஸ்.

நைலான் கயிறு வேண்டாம். அதன் வழுவழுப்பில் இலைகள் நகர்ந்து நகர்ந்து காலைக்குள் எல்லாம் நடுவில் வந்து குவிந்துவிடும். சணலின் சொரசொரப்பு இலையைப் போட்ட இடத்தில் பிடித்து நிறுத்தும்.

ஈர்க்கு ஒரு கைப்பிடி வேண்டும். பச்சைத் தென்னங்கீற்றிலிருந்து உரித்ததே நல்லது. துடைப்பத்திலிருந்து உருவிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். எங்கள் அம்மா காதில் அது விழாமல் இருந்தது நல்லதாயிற்று. நிலைவாசலுக்குத் துடைப்பத்து ஈர்க்கா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காய்ந்த ஈர்க்கு இலையைக் குத்தும்போதே ஒடியும்.

இலைகளில் மாவிலை 11 என்றால் 16 பறியுங்கள். மடிக்கும்போது நாலைந்து கிழியும். குருத்தோலையில் ஒரு மட்டையின் பாதி போதும். காப்புக்குப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை. மாக்கோலத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசி. காவிக்கட்டி நாட்டு மருந்துக்கடையிலோ பூசைச் சாமான் கடையிலோ கிடைக்கும்.

3. வாசலை அளந்து கயிறு கட்டுவது

நிலையின் உட்புற அகலத்தை அளங்கள். சாதாரண வாசல் 3 அடி, அதாவது 36 அங்குலம். கயிற்றை அதோடு இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி கூட்டி 5 அடியாக வெட்டுங்கள். முடிச்சுக்கு வேண்டிய நீளம் அது. சரியாக 3 அடி வெட்டிவிட்டு ஆணியோடு மல்லுக்கட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இலை கோக்கும் முன்பே வெறும் கயிற்றை ஆணியில் கட்டிப் பாருங்கள். தளர்வாக இருந்தால் இலையின் கனத்தில் நடுவில் தொய்ந்து ஆள் தலையில் இடிக்கும். இழுத்துக் கட்டிய நிலையில், இரண்டு முனையிலும் ஆணி வரும் இடத்தில் பேனாவால் ஒரு குறி, பிறகு 3 அங்குலத்துக்கு ஒரு குறி. 36 அங்குலத்தில் உள்ளே 11 குறி வரும். ஒற்றைப்படை எண் வந்தால் ஒரு இலை சரியாக நடுவில் விழும். இரட்டைப்படை என்றால் நடுவில் ஓட்டை தெரியும்.

கயிற்றின் இரண்டு முனையிலும் சிறிய கண்ணி போட்டு வையுங்கள். கீழே உட்கார்ந்து கோத்துவிட்டு ஆணியில் மாட்டினால் போதும். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு ஒவ்வொரு இலையாகக் கோப்பது கழுத்து வலிக்கு வழி.

வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்றால், நிலைக்கு மேலே கம்பிக் கதவின் சட்டம் இருக்கும், அதில் கட்டலாம். ஒட்டும் கொக்கிகள் சுண்ணாம்பு அடித்த சுவரில் நிற்காது. வழவழப்பான மரச் சட்டத்தில் ஒட்டிப் பார்க்கலாம். முதல் நாளே ஒட்டி விட்டால் பிடிப்பு ஏறும்.

4. இலை பறிப்பதும் வாடாமல் வைப்பதும்

மாவிலையில் மூன்று வயது உண்டு. செம்புநிறக் கொழுந்து பார்க்க அழகு, ஆனால் ஒரு மணி நேரத்தில் தொங்கிவிடும். அடிக்கிளையின் முற்றிய இலையை மடித்தால் நடுநரம்பு படக்கென்று ஒடியும். இரண்டுக்கும் நடுவே, கரும்பச்சையாகி இன்னும் வளைந்து கொடுக்கிற இலைதான் தோரணத்துக்கு. பறிப்பதற்கு முன் மரத்திலேயே ஒரு இலையை வளைத்துப் பாருங்கள்.

காம்போடு பறியுங்கள். காம்பு இல்லாத இலையை மடித்து நிறுத்த முடியாது. காம்பு ஒடிந்த இடத்தில் கசியும் பால் சிலருக்குத் தோலில் எரிச்சலைக் கொடுக்கும். பறித்தவுடன் காம்பைக் கீழே பார்க்கப் பிடித்து வடியவிட்டு, பிறகு கழுவுங்கள். கையைக் கண் அருகே கொண்டு போக வேண்டாம்.

இன்னொன்று, முசுறு. மா மரத்தில் நாலைந்து இலைகள் உருண்டையாகச் சேர்த்து ஒட்டியிருந்தால் அது அந்தச் சிவப்பு எறும்பின் கூடு. அந்தக் கிளையைத் தொடாதீர்கள். ஒரு வருடம் நான் தொட்டேன், அவ்வளவுதான் சொல்வேன்.

கழுவிய இலைகளை ஈரம் போகத் துடைத்து, பிழிந்த ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். குருத்தோலைக்கும் இதே முறை. வாளித் தண்ணீரில் முக்கி வைப்பது வேண்டாம். ஓரம் கறுத்து, மடிக்கும்போது வழுக்கும்.

குருத்தோலையைச் சந்தையில் வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டில் தென்னை இருக்கிறது, வெட்டிக்கொள்ளலாம் என்று ஏறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னைக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்றுதான். கத்தி கொஞ்சம் உள்ளே இறங்கினால் மரமே போய்விடும். தெரிந்த ஆளை வைத்து வெட்டுங்கள்.

5. காப்புக் கட்டு

ஈரோடு, கோவை, திருப்பூர், நாமக்கல் பக்கம் பொங்கல் அலங்காரம் இதில்தான் ஆரம்பிக்கும். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி, போகி சாயங்காலம் கூரை விளிம்பு, நிலைவாசல், தொழுவம், கிணறு என்று செருகுவார்கள். பூளையைச் சிறுபீளை, கூரைப்பூ என்றும் சொல்வார்கள். பெயரிலேயே இடம் இருக்கிறது.

பூளைப்பூவை மட்டும் கழுவாதீர்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருப்பதுதான் அதன் அழகு. தண்ணீர் பட்டால் நூல் நூலாக ஒட்டிக்கொண்டு நனைந்த பூனை வால் போல் ஆகிவிடும். தூசு இருந்தால் லேசாகத் தட்டினால் போதும்.

ஆவாரையில் முழுக்க மலர்ந்த கொத்தை எடுக்க வேண்டாம். மறுநாள் இதழ் உதிரும். பாதி மொட்டு, பாதி பூ இருக்கும் கொத்தாகப் பாருங்கள். மொட்டு காலையில் விரியும்.

அடுக்கும் வரிசை: பின்னால் வேப்பிலை, ஒரு சாண் நீளம். அதற்கு முன்னால் ஆவாரை, இரண்டு அங்குலம் குட்டையாக. எல்லாவற்றுக்கும் முன்னால் பூளை. மூன்றையும் ஒரே நீளத்தில் வெட்டினால் வேப்பிலை முன்னால் விழுந்து பூவை மூடிவிடும்.

கட்டுவதற்கு நனைத்த வாழைநார். காய்ந்த நார் மடிக்கும்போதே பிரியும். இரண்டு சுற்றுச் சுற்றி நன்றாக இறுக்குங்கள். தண்டு காயக் காயச் சுருங்கும். தளர்வாகக் கட்டிய கொத்து இரண்டாம் நாளே ஒவ்வொரு குச்சியாக உருவிக்கொண்டு விழும்.

அடுக்குமாடியில் கூரை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நிலைக்கு மேலே இரண்டு மூலை, சமையலறை வாசல், பால்கனிக் கம்பி, வண்டியின் முன்பக்கம். இவ்வளவு இடம் போதாதா?

6. மாவிலைத் தோரணம்

இலையின் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்க, காம்பு மேலே இருக்கும்படி பிடியுங்கள். காம்புப் பக்கத்தை இரண்டு அங்குலம் கயிற்றின் மேலாகப் பின்பக்கம் மடியுங்கள். இப்போது இலை கயிற்றில் சட்டை மாதிரி தொங்கும்.

மடிப்புக்கு ஒரு அங்குலம் கீழே ஈர்க்கால் குத்தித் தைக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தவறுவார்கள். நடுநரம்பை ஒட்டி மேலிருந்து கீழாகக் குத்தினால் இலை அந்தக் கோட்டிலேயே கிழிந்து இறங்கும். குறுக்காகக் குத்துங்கள். நரம்புக்கு இடப்பக்கம் உள்ளே போய், நரம்புக்குப் பின்னால் கடந்து, வலப்பக்கம் வெளியே வரவேண்டும். நரம்பு கனத்தைத் தாங்கிக்கொள்ளும். மிச்ச ஈர்க்கைப் பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டு ஒடித்துவிடலாம்.

நடுக்குறியில் இருக்கும் இலையை முதலில் போடுங்கள். பிறகு இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறி மாறி. இருப்பதில் பெரிய இலை நடுவில், ஓரம் போகப் போகச் சிறியது. ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் மிஞ்சும் சின்ன இலைகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்து, தோரணம் சாய்ந்த மாதிரி தெரியும்.

மஞ்சள், குங்குமப் பொட்டு வைப்பவர்கள் இலை நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள். ஈர இலையில் குங்குமம் வழிந்தால் இறங்கும் இடம் வெள்ளைச் சுவர்.

7. குருத்தோலைத் தொங்கல்

கிளி, மணி, பாய்ப்பின்னல் என்று குருத்தோலையில் எத்தனையோ செய்வார்கள். கைதேர்ந்தவர்கள் ஒரு கிளியை நாம் எண்ணி முடிப்பதற்குள் மடித்துவிடுவார்கள். முதல் வருடம் அதற்குப் போகாதீர்கள். இரண்டு வகை போதும்.

முதலாவது மடிப்புத் தொங்கல். ஓலையிலிருந்து ஈர்க்கை உரித்து, விரல் அகலத்தில், ஒன்றரை அடி நீளத்தில் இரண்டு கீற்று எடுங்கள். இரண்டின் முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ‘ட’ எழுத்து போலப் படுக்க வையுங்கள். கீழே இருக்கும் கீற்றை மேலே இருப்பதன் மீது மடியுங்கள். இப்போது கீழே போனதை இதன் மீது மடியுங்கள். இப்படியே மாற்றி மாற்றி. முடிந்ததும் கட்டைவிரல் உயரக் கட்டையாக இருக்கும். மெல்ல இழுத்தால் சுருள்வில் போல் நீளும். கடைசி முனையை ஈர்க்கால் குத்தி நிறுத்துங்கள், இல்லையென்றால் விட்ட நொடியில் பிரியும்.

இரண்டு கீற்றும் ஒரே அகலம் இருக்க வேண்டும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் ஆறாவது மடிப்பிலேயே கோணல் ஆரம்பித்துவிடும். அந்தக் கோணல் பின்னால் சரியாகாது. பிரித்து மறுபடி மடியுங்கள்.

இரண்டாவது குஞ்சம். ஒரு அடி கீற்றைக் கயிற்றில் முடிந்து தொங்கவிட்டு, கீழ்ப்பாதியை ஊக்கு முனையால் நீளவாக்கில் கோடு கோடாகக் கீறுங்கள். ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுவதால் கத்தரி தேவையில்லை, தானாகவே நேராகக் கிழியும். இரவில் இழைகள் லேசாகச் சுருண்டு, காலையில் செய்தபோது இருந்ததைவிட அழகாக இருக்கும். ஓலை வாடுவது நமக்கு உதவுகிற ஒரே இடம் இது.

மாவிலைக்கும் மாவிலைக்கும் நடுவே ஒரு தொங்கல் என்று மாட்டலாம். என் கண்ணுக்கு இரண்டு தொங்கல், நடுவில் ஒரு குஞ்சம் போதும். அதற்கு மேல் போட்டால் வாசல் கல்யாண மண்டபம் ஆகிவிடும்.

எல்லாம் மாட்டி முடிந்ததும் ஸ்டூலை உள்ளே வைத்து, இலைத் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிடுங்கள். இனிமேல் ஸ்டூலுக்கு வேலை இல்லை. தரைக்குப் போகலாம்.

8. மாவு அரைப்பது

ஒரு டம்ளர் பச்சரிசியைக் கழுவி மூன்று மணி நேரம் ஊறவையுங்கள். புழுங்கலரிசி வேண்டாம், மாவு மங்கலாக வரும். பச்சரிசிதான் பளிச்சென்று வெளுக்கும்.

மிக்ஸியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு அரையுங்கள். ஆரம்பத்திலேயே நிறையத் தண்ணீர் ஊற்றினால் அரிசி தப்பித் தப்பி ஓடும், நைசாகாது. இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு துளியும் இருக்கக் கூடாது. நொய் இருந்தால் கோடு காய்ந்ததும் அது தனியே உதிர்ந்து, கோட்டில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். சந்தேகமாக இருந்தால் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

பிறகு தண்ணீர் சேர்த்துக் கரையுங்கள். தோசை மாவுப் பதம் இல்லை, பால் பதம். கெட்டியான மாவு காய்ந்ததும் வெடித்து அப்பளமாகப் பெயரும். நீர்த்துப் போனால் கோடு தெரியாது. பதம் பார்க்கக் கோலம் போடப் போகும் அதே தரையின் மூலையில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வெள்ளையாகத் தெரிய வேண்டும், விரலால் லேசாகத் தடவினால் பெயரக் கூடாது.

கடை அரிசி மாவைக் கரைத்துக்கொள்ளலாமா என்றால், அவசரத்துக்குச் சரி. ஆனால் அது கிண்ணத்தின் அடியில் சீக்கிரம் தங்கிவிடும். ஒவ்வொரு முறை துணியை நனைக்கும்போதும் கலக்க வேண்டியிருக்கும்.

9. மாக்கோலம் போடுவது

தரையை வெறும் தண்ணீரால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். டைல்ஸில் அதன் படலமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மாவுக் கோடு ஓடாமல் துளித்துளியாகப் பிரிந்து நிற்கும். மாவு சரியில்லை என்று இன்னும் மாவைக் கெட்டியாக்கிக்கொண்டே போவார்கள். தப்பு தரையில் இருக்கிறது.

துணி, பழைய வேட்டித் துண்டு, உள்ளங்கை அளவு. புதுத் துணியின் கஞ்சி மாவை உள்ளே இழுக்க விடாது. மாவில் நனைத்து, சொட்டாத அளவுக்கு லேசாகப் பிழிந்து, நாலு விரலுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் துணியை அழுத்த, மாவு மோதிர விரல் வழியாக இறங்க வேண்டும். கோடு இழுப்பது மோதிர விரல் நுனி. கோட்டின் கனம் விரலில் இல்லை, கட்டைவிரல் அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஒரே சீராக அழுத்திப் பழக, முதலில் பழைய நாளிதழில் பத்து நேர்க்கோடு போட்டுப் பாருங்கள்.

புள்ளி வைப்பதற்குச் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளலாம், வெட்கம் ஒன்றுமில்லை. இடைப்புள்ளி 7க்கு 4 என்றால், நடு வரிசையில் 7 புள்ளி முதலில். அதற்கு மேலே, புள்ளிகளுக்கு இடையே வரும்படி 6, 5, 4. அதே மாதிரி கீழேயும். மொத்தம் 37 வர வேண்டும். இழுக்கும் முன் எண்ணிப் பாருங்கள். ஒரு புள்ளி கூடக் குறைய இருந்தால் அது தெரிய வருவது கோலத்தின் முக்கால்வாசி முடிந்த பிறகு. மேல் வரிசையிலிருந்து வைக்கத் தொடங்குபவர்களுக்குத்தான் வரிசை கோணலாகும். நடு வரிசை நேராக இருந்தால் மற்றவை அதைப் பார்த்து நேராகும்.

வாசற்படிக்கு எதிர்ப்பக்கத்து மூலையில் தொடங்கி, பின்னால் நகர்ந்துகொண்டே வாருங்கள். முடிக்கும்போது நீங்கள் கோலத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் நம்புங்கள். ஈரமாக இருக்கும்போது மாக்கோலம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் கோடு இழுத்த மாதிரிதான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் முதல் முறை போட்டபோது, தெரியவில்லையே அக்கா என்று ஒவ்வொரு கோட்டையும் மூன்று முறை இழுத்தாள். சொன்னேன், கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் எல்லாக் கோடும் கட்டைவிரல் பருமன், இழைகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை. ஒரு முறை இழுத்துவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடுங்கள். முதலில் போட்ட மூலை காய்ந்து வெளுக்க ஆரம்பிப்பதை, கடைசிக் கோடு போடும்போதே பார்க்கலாம்.

தவறு விழுந்தால் ஈரத்தில் துடைக்காதீர்கள். வெள்ளைத் திட்டு பரவும். காய்ந்த பிறகு, நனைத்துப் பிழிந்த துணியை விரல் நுனியில் சுற்றி அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

முடிந்ததும் மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், தூங்கிவிட்டதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தில் மாவு மீதி இருக்கும். முதல் நாள் ஊறிய பானையைக் காயவைத்திருப்பீர்கள் அல்லவா, அதன் மேல்பாதியில் இரண்டு கோடு, நாலு புள்ளி வைத்துவிடுங்கள். கீழ்ப்பாதி வேண்டாம், கரி பிடித்து மறைந்துவிடும். அதற்கும் மிஞ்சினால் தட்டில் சிறு சிறு வில்லைகளாக ஊற்றி வெயிலில் காயவைத்து டப்பாவில் போடுங்கள். அடுத்த நல்ல நாளுக்குத் தண்ணீரில் கரைத்தால் மாக்கோலம் தயார்.

10. காவி

மாக்கோலம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் காவி. இரண்டும் ஈரத்தில் தொட்டால் வெள்ளைக் கோடு ரோசாகிவிடும். குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுங்கள். தூக்கம் வந்தால் விட்டுவிட்டு விடிகாலையில் போடலாம்.

ஊறிய காவியை நன்றாகக் கரைத்து, கல் போக வடிகட்டி, மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கோலத்தின் வெளி விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி ஒரே பட்டையாக இழுங்கள். இதற்குத் தனித் துணி, தனிக் கிண்ணம்.

வெள்ளை டைல்ஸ் போட்ட வாடகை வீடு என்றால் யோசித்துச் செய்யுங்கள். டைல்ஸ் மேல் இருப்பது துடைத்தால் போய்விடும். இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமெண்டு இடுக்கு காவியைக் குடித்துவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். நான் இப்போது இடுக்கில் படாமல், ஒவ்வொரு டைலுக்குள்ளும் நிறுத்தி நிறுத்திப் பட்டை இழுக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் விட்ட இடம் தெரியாது.

11. பொங்கல் காலை

வெளிவாசலுக்கு மாக்கோலம் வேண்டாம் என்பேன். தை மாதப் பனியில் அது காயவே காயாது, நடக்கிறவர்கள் மிதித்து இழுத்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் தெளித்து, ஈரம் சற்று இழுத்ததும் பொடிக்கோலம். சொதசொதவென்று இருக்கும்போது போட்டால் பொடி கரைந்து கோடு அகலும். முழுக்கக் காய்ந்துவிட்டால் காற்றில் பறக்கும்.

கரும்பு இரண்டைத் தோகையோடு வாசலின் இரண்டு பக்கமும் நிறுத்தி, உச்சியில் தோகைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். டைல்ஸில் கரும்பின் அடி வழுக்கும். நனைத்த சாக்கை நாலாக மடித்து அடியில் வைத்தால் நிற்கும். இடுப்பு உயரத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று என்று இரண்டு கட்டு வேண்டும். ஒரு கட்டு மட்டும் போட்டால் யாராவது இடித்ததும் சுழலும். தோகையின் ஓரம் கையை அறுக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டும்போது கிழங்கு முன்பக்கமும் இலை மேல்நோக்கியும் இருக்கட்டும். நீண்டு தொங்கும் இலைகளை வெட்டிவிடுங்கள் அல்லது கழுத்தைச் சுற்றி முறுக்கிச் செருகுங்கள். தொங்கும் இலை நேராகத் தீக்குப் போகும். இலை கருகினால் கட்டிய நாரும் கருகி, பொங்கி வரும் நேரத்தில் கொத்து அடுப்புக்குள் விழும்.

12. கழற்றுவது

குருத்தோலையைக் காணும் பொங்கலன்று எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் பழுப்பேறி உதிர ஆரம்பிக்கும். மாவிலை காய்ந்தாலும் சுருண்டு நிற்கும், இன்னும் சில நாள் தாங்கும். எங்கள் வீட்டில் காப்பைக் கழற்றும் வழக்கமில்லை. அடுத்த போகிக்குப் புதியது கட்டும்போதுதான் பழைய குச்சி இறங்கும்.

கோத்த கயிற்றைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் 3 அங்குலக் குறிகள் இருக்கின்றன. சுருட்டி, ஸ்டூலின் காலில் கட்டி வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் ஸ்டூலை எடுக்கும்போது கயிறும் கூடவே வரும்.